'க்ரை மீ எ ரிவர்': டார்ச் சாங் என்றால் என்ன?

காதலித்தவன் உதறிவிட்டுப் போகிறான். அவள் பல இரவுகள் அழுது தீர்க்கிறாள். கொஞ்ச காலம் கழித்து அவனே திரும்பி வருகிறான். தனியாக இருக்க முடியவில்லை என்கிறான், செய்தது தப்பு என்கிறான், இப்போதும் உன்னைத்தான் நேசிக்கிறேன் என்கிறான். அவள் அவனை விரட்டவும் இல்லை, ஓடிப்போய் அணைத்துக்கொள்ளவும் இல்லை. 'அப்படியா, சரி, அழு. உனக்காக நான் ஒரு ஆறு அளவுக்கு அழுதேன். நீயும் அவ்வளவு அழுதுகாட்டு' என்கிறாள்.

1955ல் ஜூலி லண்டன் பாடி வெளிவந்த 'க்ரை மீ எ ரிவர்' பாட்டின் கதை இவ்வளவுதான். எழுபது வருடங்களாக ஜாஸ் பாடகர்களும் ராக் பாடகர்களும் இதை மாறி மாறிப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். டார்ச் சாங் என்ற பாட்டு வகையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்க முடியும் என்றால், நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன். அந்த வகையின் விதியை மீறுவது போலத் தெரியும் பாட்டு என்பதுதான் காரணம்.

முதலில் அந்த விதியைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஒருவர் மேல் 'டார்ச் ஏந்துவது' (இங்கே டார்ச் என்றால் தீப்பந்தம்) என்றால், அவர் நம்மைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும், நம்மை விட்டுப் போய்விட்டாலும், அவர் மேல் வைத்த ஆசையை அணையவிடாமல் வைத்திருப்பது. அந்த நிலையில் இருப்பவர் பாடுவது டார்ச் சாங். எல்லா சோகப் பாட்டும் இதில் அடங்காது. காதலி இறந்துவிட்டாள் என்று பாடினால் அது ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய்விடும். ஊரைப் பிரிந்த ஏக்கமும் இதில் சேராது. காதல் முடிந்துவிட்டது, பாடுபவருக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. இந்த வகையின் அடிப்படை அதுதான்.

இது 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில், குறிப்பாக நியூயார்க் நாடக மேடைகளிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. 1920 முதல் 1933 வரை சட்டப்படி மது விற்க முடியாது, ஆனால் திருட்டு மதுக்கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. சின்ன அறை, மங்கலான வெளிச்சம், ஒரு பியானோ, நள்ளிரவு தாண்டிய நேரம். இந்தப் பாட்டுகள் பிழைத்து வளர ஏற்ற இடம்தான்.

ஆரம்பத்தில் முக்கியமான பெயர் ஃபேனி பிரைஸ். அவர் நகைச்சுவை நடிகை. மேடையில் ஏறினாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். 1921ல் 'ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' என்ற ஆடல் பாடல் நிகழ்ச்சியின் மேடையில் அவர் கோமாளித்தனம் எதுவும் செய்யாமல் நின்று 'மை மேன்' என்ற பாட்டைப் பாடினார். அது பிரெஞ்சுப் பாட்டின் ஆங்கில வடிவம். என்ன செய்தாலும் அவன் என் ஆள், அவனை விட முடியாது என்று பாடும் பெண்ணின் பாட்டு. பிரைஸின் கணவர் நிக்கி ஆர்ன்ஸ்டீன் சூதாடி, வழக்குகளில் சிக்கியவர், பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். கேட்டவர்களுக்கு அவள் யாரைப் பாடுகிறாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டையும் பாடுபவரின் சொந்த வாழ்க்கையையும் சேர்த்து வைத்துக் கேட்கும் பழக்கம் டார்ச் சாங்குகளை இன்றுவரை விடவில்லை. நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம்.

அப்புறம் ஹெலன் மார்கன் வந்தார். பியானோ மேலேயே ஏறி உட்கார்ந்து பாடுவது அவருடைய அடையாளமாகிவிட்டது. ரூத் எட்டிங், லிபி ஹோல்மன் என்று இன்னும் சிலர் வந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் உதவிய ஒரு விஷயம் உண்டு. 1925 வாக்கில் ஒலிப்பதிவு மின்சாரத்துக்கு மாறியது. அதற்கு முன் ரெக்கார்டு பதிவு செய்ய ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். மைக் வந்த பிறகு தாழ்ந்த குரலில் பாடினாலும் பதிவானது. மனசு உடைந்ததைக் கத்திச் சொல்வதற்கும் காதோரம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கருவிதான் பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஜூலி லண்டனின் ரெக்கார்டு அந்த வித்தியாசத்தின் உச்சம்.

சரி, பாட்டு பிறந்த கதைக்கு வருவோம்.

எழுதியவர் ஆர்தர் ஹாமில்டன். பாட்டு வரிகள், மெட்டு இரண்டும் அவருடையவை. ஜாக் வெப் என்ற நடிகர், 'டிராக்னெட்' என்ற போலீஸ் தொடரால் அமெரிக்கா முழுக்கப் பிரபலமானவர், 1920களின் ஜாஸ் இசைக்குழு ஒன்றைப் பற்றி 'பீட் கெல்லிஸ் ப்ளூஸ்' என்ற படத்தை இயக்கி நடித்தார். 1955ல் வெளிவந்தது. அந்தப் படத்துக்காக ஹாமில்டன் எழுதிய பாட்டுகளில் இதுவும் ஒன்று. படத்தில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடுவதற்காக எழுதப்பட்டது. ஆனால் படத்தில் இது இடம்பெறவில்லை. ஹாமில்டனின் இன்னொரு பாட்டான 'சிங் எ ரெயின்போ' பாடகி பெக்கி லீயின் குரலில் படத்தில் இடம்பெற்று, பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகளில் குழந்தைகள் பாட்டாகவே ஆகிவிட்டது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் பாடும் வானவில் பாட்டையும், விஸ்கியோடு கேட்கும் இந்தப் பாட்டையும் ஒரே ஆள் ஒரே படத்துக்காக எழுதினார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

ஒதுக்கப்பட்ட பாட்டு போய்ச் சேர்ந்த இடம்தான் இன்னும் சுவாரஸ்யம். ஜூலி லண்டன் ஹாமில்டனின் பள்ளித் தோழி. ஜாக் வெப்பின் முன்னாள் மனைவியும் அவரே. அந்த மண விலக்கு நடந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் அதுவரை பெரும்பாலும் நடிகையாகவே அறியப்பட்டவர். மேடையில் பாடக் கூச்சப்படுபவர். அவரைப் பாடவைத்து ரெக்கார்டு வரை கொண்டுபோனவர் பாபி ட்ரூப். 'ரூட் 66' பாட்டை எழுதிய அதே ட்ரூப்தான், பின்னாளில் லண்டனின் கணவரானார். லிபர்ட்டி என்ற புத்தம்புது ரெக்கார்டு கம்பெனியில் 'ஜூலி இஸ் ஹர் நேம்' என்ற எல்பி, அதாவது பல பாட்டுகள் அடங்கிய பெரிய ரெக்கார்டு, வந்தது. அதன் முதல் பாட்டு 'க்ரை மீ எ ரிவர்'. முன்னாள் கணவர் படத்தில் இடம்பெறாத பாட்டை முன்னாள் மனைவி பாடினார். அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 9ஆம் இடம்வரை போனது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 'க்ரை மீ எ ரிவர்' என்ற வாக்கியத்தை அவர் யாரை நினைத்துப் பாடினார் என்று ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது.

ரெக்கார்டைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர்தான். லண்டனின் குரல், பார்னி கெஸலின் எலெக்ட்ரிக் கிதார், ரே லெதர்வுட்டின் பேஸ் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்). டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது. 1955ல் ஒரு நடிகைக்கு ரெக்கார்டு போடுவது என்றால் பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ராவை நிறுத்துவது வழக்கம். இங்கே நேர் எதிர். கெஸல் அதற்கு முன் பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் மூவர் குழுவில் வாசித்தவர். டிரம்ஸ் இல்லாத குழு அது. எவ்வளவு குறைவாக வாசித்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். குரல் ஒரு வரியைச் சொல்லி முடிக்கும், கிதார் இரண்டு மூன்று ஸ்வரத்தில் 'ம்' கொட்டும், மறுபடி குரல் வரும்.

லண்டனுக்குப் பெரிய குரல் இல்லை. அதை அவரே ஒத்துக்கொண்டவர். விரல் நுனி அளவுக் குரல், அதனால் மைக்குக்கு மிக அருகில் நின்று பாட வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பேட்டியில் சொன்னார். கொஞ்சம் கரகரப்பு, நிறைய மூச்சு. அவர் எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. கோபத்தில் கத்துபவரைச் சமாதானப்படுத்திவிடலாம். இந்தத் தொனியில் பேசுபவரிடம் என்ன சொல்லியும் பயனில்லை என்று கேட்கும்போதே தெரிந்துவிடும். மூன்று நிமிடம்கூட ஆவதற்குள் முடிந்துவிடுகிறது.

இப்போது பாட்டின் கட்டமைப்பு. அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் (தாளச் சுற்று) அளவில், எட்டு எட்டாக நான்கு பகுதிகளாக இருக்கும். முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு மெட்டு. அதைப் பிரிட்ஜ் என்பார்கள். இந்தப் பாட்டும் அப்படித்தான், சோகச் சாயல் கொண்ட மைனர் ஸ்கேலில். ஒரே மெட்டு வரும் மூன்று பகுதிகளும் 'இப்போது' என்ற சொல்லில் தொடங்குகின்றன. இப்போது தனிமை என்கிறாய். இப்போது வருந்துகிறேன் என்கிறாய். இப்போது நேசிக்கிறேன் என்கிறாய். அந்த முதல் சொல் மேலே நின்று, மீதி வரி படியிறங்குவது போல இறங்கும். வாதாடும் வக்கீலின் தோரணை அது. எதிராளி சொன்னதையே ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைப்பது.

பிரிட்ஜில்தான் பழைய கதை வருகிறது. நான் பைத்தியம் பிடிக்கும் நிலைக்குப் போனேன், நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது என்று பட்டியல் தொடங்குகிறது. அங்கே 'ப்ளிபியன்' என்று ஒரு சொல் வரும். சாமானியர்களுக்கு உரியது, மட்டமானது என்று அர்த்தம். காதல் எல்லாம் மட்டமான சமாச்சாரம் என்று அவன் சொல்லியிருக்கிறான். காதல் பாட்டில் யாரும் பயன்படுத்தாத சொல். அது பிடிக்காமல் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி பாட்டையே தள்ளிவிட்டது என்ற கதையும் உண்டு. ஆனால் அதை எடுக்க முடியாது. அடுத்த வரி 'மீ அண்ட்' என்று முடிகிறது, அதோடு இந்தச் சொல் எதுகை சேர்கிறது. மேட்டிமையான ஒரு சொல் அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் காட்டிவிடுகிறது. அதைவிட முக்கியம், அந்த வரி 'அண்ட்' என்று தொங்கலில் நிற்பது. உனக்கும் எனக்கும் முடிந்தது என்று சொன்னாய், அப்புறம்... வாக்கியம் முடியாமலே கடைசிப் பகுதியின் 'இப்போது'க்குள் விழுகிறது. பிரிவுக்கும் திரும்பி வந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. பாட்டு எழுதப் பழகுபவர்கள் இந்த ஓர் இடத்தை மட்டும் பத்து முறை கேட்கலாம்.

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன சிக்கல் வருகிறது. டார்ச் சாங் என்றால் ஆசை அணையாதவர் பாடுவது. இவளோ பழிவாங்குகிறாளே, இது எப்படி டார்ச் சாங் ஆகும்? கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். நேசிக்கிறேன் என்கிறாயா, அப்படியானால் நிரூபி, வந்து அழு என்கிறாள். போ என்று சொல்லவில்லை. உண்மையிலேயே ஒருவனை மறந்தவள் அவனிடம் நிரூபணம் கேட்க மாட்டாள், பதில்கூடச் சொல்ல மாட்டாள். அவன் ஒரு ஆறு அளவுக்கு அழுதுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாட்டு சொல்லாமல் விடுகிறது. ஆகவே இது அசல் டார்ச் சாங்தான், சமாளிப்பு வேடம் போட்ட டார்ச் சாங். பிறகு பாடிய ஒவ்வொருவரும் அந்த வேடம் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் தங்கள் போக்கில் முடிவு செய்கிறார்கள்.

லண்டனே அதை இரண்டாவது முறை வேறு விதமாகச் செய்தார். 1956ல் வந்த 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ போன்றவர்கள் தோன்றும் ராக் அண்ட் ரோல் காமெடிப் படம். அதில் டாம் யூவெல், ஜூலி லண்டனின் முன்னாள் ஏஜென்டாக வருகிறார். அவரைக் காதலித்து இழந்தவர். குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார், லண்டனின் ரெக்கார்டு ஓடுகிறது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் லண்டன் நின்று பாடுகிறார், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் உடையில், ஆவி மாதிரி. மனிதர் தப்பி ஓடுகிறார். பாட்டில் அழச் சொல்லப்படும் ஆளின் பக்கத்திலிருந்து பாட்டைப் பார்க்கும் காட்சி இது. சிரிப்புக்காக எடுத்ததுதான். ஆனாலும் படத்தில் எனக்கு மனதில் நிற்பது இந்தக் காட்சிதான்.

பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை ரெக்கார்டில் பாடியது 1961ல், 'க்ளாப் ஹேண்ட்ஸ், ஹியர் கம்ஸ் சார்லி' எல்பியில். லூ லெவியின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிதார் என்று சின்னக் குழுதான். எல்லாவின் குரலில் விஷம் இருக்காது, அவருக்கு அது வராது. அதனால் இவருடைய பதிவில் கேட்பது வருத்தம், அதுவும் பெருந்தன்மையான வருத்தம். மெட்டு எவ்வளவு அழகானது என்று தெரிய வேண்டுமானால் இதைக் கேளுங்கள். கதை தெரிய வேண்டுமானால் லண்டன்.

1963ல் பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் தன் முதல் எல்பியையே இந்தப் பாட்டோடு தொடங்கினார். பதிவு செய்தபோது வயது 20. அதற்கு முன் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 'பான் ஸ்வா' என்ற சின்ன விடுதியில் இதைப் பாடிப் பழகியிருந்தார். மெதுவாகத் தொடங்கி, வரிக்கு வரி சூடேறி, கடைசியில் வெடிக்கிறார். லண்டன் அடக்கிவைத்த அத்தனையும் இங்கே வெளியே வந்துவிடுகிறது. வேடம் கலைந்துவிட்டது. சிலருக்கு இது அதிகப்படி நடிப்பாகப் படும். எனக்கும் சில நாள் அப்படிப் படும். ஆனால் 20 வயதில் ஏமாற்றப்பட்டவர் இப்படித்தான் பேசுவார் என்பதையும் மறுக்க முடியாது. அடுத்த வருடமே அவர் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தில் ஃபேனி பிரைஸாக நடித்தார். 1968ல் அது படமானபோது இறுதிக் காட்சியில் அதே 'மை மேன்' பாட்டைப் பாடினார். டார்ச் சாங் மரபின் முதல் தலைமுறையும் பிற்காலத் தலைமுறையும் சந்தித்த இடம் அது.

ஜோ காக்கர் செய்ததை என்னவென்று சொல்வது! இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த கரகரத் தொண்டைக்காரர். 1970ல் லியான் ரஸ்ஸல் தலைமையில் ஒரு பெரும் படையோடு, கொம்பு வாத்தியங்கள், கோரஸ் பாடகர்கள் எல்லாம் சேர்த்து, அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணத்தில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது 'மேட் டாக்ஸ் அண்ட் இங்லிஷ்மென்'. அதில் இந்தப் பாட்டு ஓட்டமும் துள்ளலுமாக, தேவாலயத்தில் கூட்டம் எழுந்து ஆடுவது போல வருகிறது. அமெரிக்கப் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. இதில் சோகம் எங்கே என்று கேட்கலாம். இல்லைதான். 'நல்ல வேளை, தப்பித்தேன்' என்று ஊரைக் கூட்டி விருந்து வைப்பவரின் பாட்டு இது. நான் கேட்டவற்றில் உண்மையாகவே மறந்துவிட்டது போல ஒலிக்கும் ஒரே பதிவு. அதனாலேயே இது டார்ச் சாங்காக நிற்கவில்லை, ஆனால் அற்புதமான பாட்டாக நிற்கிறது.

சொற்களே இல்லாமலும் கேட்கலாம். டெக்ஸ்டர் கோர்டன் 1955லேயே டெனர் சாக்ஸஃபோனில் இதை வாசித்துப் பதிவு செய்தார். பாட்டின் வரிகள் தெரிந்தபின் கேட்டால், 'இப்போது' வரும் இடங்களில் சாக்ஸஃபோன் எப்படி நிதானிக்கிறது என்று கவனிக்கலாம்.

பிற்காலத்தவர்களில் டயானா கிரால் 2001ல் 'தி லுக் ஆஃப் லவ்' ஆல்பத்தில் பாடியது முக்கியம். க்ளாஸ் ஓகர்மன் அமைத்த வயலின்கள் பின்னால் மேகம் மாதிரி நகர, இவர் அலுப்போடு பாடுகிறார். கோபம் எல்லாம் முடிந்து, இனி எந்தப் பக்கமும் பேச விருப்பமில்லாத அலுப்பு. மைக்கேல் பூப்ளே 2009ல் 'க்ரேஸி லவ்' ஆல்பத்தின் முதல் பாட்டாகப் போட்டது ஜேம்ஸ் பாண்ட் படத்தின் டைட்டில் பாட்டு மாதிரி இருக்கும். ஆர்கெஸ்ட்ரா இடி இடிக்கிறது. ஸ்பீக்கரைச் சோதிக்க நல்லது. மூன்று வாத்தியத்தில் லண்டன் உண்டாக்கிய பயத்தை இவ்வளவு பேர் சேர்ந்தும் உண்டாக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாட்டில் 'அவன்', 'அவள்' என்று எங்கும் வராது, 'நான்', 'நீ' மட்டும்தான். அதனால் ஆண்கள் பாடும்போது ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. டார்ச் சாங்கே பெண்கள் சமாச்சாரம் என்ற எண்ணமும் 1955ல்தான் நன்றாக உடைந்தது. அதே வருடம் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' என்ற எல்பியை வெளியிட்டார். பாட்டுக்குப் பாட்டு பிரிவும் தூக்கமின்மையும்தான். நடிகை ஆவா கார்ட்னரோடு அவருடைய மணவாழ்க்கை முறிந்திருந்த காலம். ஃபேனி பிரைஸுக்கு நடந்ததே இவருக்கும் நடந்தது. கேட்டவர்கள் எல்லோரும் யாரைப் பற்றி என்று தெரிந்தே கேட்டார்கள்.

இந்த வகை பிடித்துப்போனால் அடுத்து 'ஒன் ஃபார் மை பேபி' கேளுங்கள். ஹெரால்ட் ஆர்லன் மெட்டு, ஜானி மெர்சர் வரிகள். 1943ல் ஒரு படத்தில் ஃப்ரெட் அஸ்டேர் முதலில் பாடினார், 1958ல் சினாட்ரா பாடியதுதான் நிலைத்தது. கடை மூடும் நேரத்தில் மது ஊற்றிக்கொடுப்பவரிடம் ஒருவர் தன் கதையைச் சொல்லப் போகிறேன், சொல்லப் போகிறேன் என்கிறார், கடைசிவரை சொல்வதே இல்லை. அப்புறம் 1954ல் ஜூடி கார்லண்ட் படத்தில் பாடிய 'தி மேன் தட் காட் அவே'. இதற்கும் ஆர்லன்தான் மெட்டு.

இணையத்தில் தேடும்போது ஒரு விஷயம். இதே பெயரில் 2002ல் ஜஸ்டின் டிம்பர்லேக் பாடிய பாட்டுதான் பல இடங்களில் முதலில் வந்து நிற்கும். அது வேறு பாட்டு, வேறு மெட்டு, வேறு வரிகள். தேடும்போது கூடவே ஜூலி லண்டன் என்று போடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது, ஃபோன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் காதுக்கே எட்டாது.